சாவி போட்ட வாய்

12 ஜூன் 2013

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் அவள் என்னை மறைமலை நகர் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவள் என்றால் தங்கமாரி. அப்பா அவளைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம் ஆகிறது. "சித்தின்னு கூப்புடு கனிஷ்கா" என்கிறார் அப்பா. வாயில் வரவில்லை. இந்த நோட்டிலும் வராது.

எனக்குப் பல்வலி இல்லை. சொத்தை இல்லை. நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள்: நான் இடது பக்கமாகவே மெல்லுகிறேனாம், வாயை மூடும்போது தாடை கோணுகிறதாம். அப்படியென்றால் நான் சாப்பிடும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்திருக்கிறாள். நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

டாக்டரம்மா கண்ணாடி விட்டுப் பார்த்தார். "மேல் அண்ணம் குறுகலா இருக்கு. மேல் பல்லு கீழ்ப் பல்லுக்கு உள்ள போய் உக்காருது. இந்த வயசுல விரிச்சுடலாம். எலும்பு இறுகிட்டா அப்புறம் ஆபரேஷன்தான்" என்றார். முதலில் அண்ணத்தை விரிக்க ஒரு கருவி. பிறகு கம்பி. முடியும்போது பல் வரிசையாகிவிடும், முன்பல் நடுவில் இருக்கிற சந்தும் மூடிவிடும்.

சந்தா? அது அம்மாவுடையது. வல்லம் வடகாலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: "செந்தாமரை பல்லு அப்டியே வந்து கீது பாரு." அம்மாவுக்கு நல்ல அகலம். எனக்கு நூல் நுழைகிற அளவுதான். எனக்குப் பத்து வயதில் அம்மா மஞ்சள் காமாலையில் போனாள். புடவைகளைப் பெரியம்மா எடுத்துக்கொண்டாள். அம்மா நாற்று நட்ட நிலத்தில் இப்போது கம்பெனி மதில் நிற்கிறது. என்னிடம் மிச்சம் இருப்பது இந்தப் பல். அதற்கும் இவள் கை நீட்டிவிட்டாள்.

14 ஜூன்

வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். "உன் நல்லதுக்குத்தாம்மா" என்றார். கம்பெனி பஸ்ஸை எடுத்துக்கொண்டு ஷிப்ட் ஆட்களை ஏற்றப் போய்விட்டார். பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் எல்லாம் அப்பாவுக்கு ஒரு ஷிப்ட் வந்துவிடுகிறது.

இவளும் அந்த பஸ்ஸில் வந்தவள்தான். நாங்குநேரியிலிருந்து போன் கம்பெனி வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே தினமும் உட்காருவாளாம். எனக்கு எல்லாம் தெரியும்.

28 ஜூன்

மாட்டியாகிவிட்டது. அண்ணத்தில் ஒரு இரும்பு நண்டு உட்கார்ந்திருக்கிறது. கால்கள் நான்கும் கடைவாய்ப் பற்களைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. நடுவில் ஒரு திருகு, அதில் ஊசி நுழைகிற ஓட்டை. தினம் ஒரு தடவை கம்பிச் சாவியை அதில் விட்டு முன்னாலிருந்து பின்னால் தள்ள வேண்டும். தள்ளத் தள்ள மேல்தாடை நடுவில் விலகும். டாக்டரம்மா இதை ஜன்னல் திறப்பதுபோலச் சொன்னார்.

எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. 'ழ' போய்விட்டது. 'ள'வும் போய்விட்டது. சோறு மேலே போய் அப்பிக்கொள்கிறது, விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் முதலில் அப்பாதான் திருக வந்தார். அவ்வளவு பெரிய பஸ்ஸை ஒடித்துத் திருப்புகிற கை, சாவியைப் பிடித்ததும் நடுங்கியது. என் வாய்க்குள் பார்த்தார். வேர்த்துவிட்டது. "என்னால ஆவாது" என்று சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அவள் மடியில் தலை வைக்க வேண்டும். அப்போதுதான் வெளிச்சம் விழுமாம். "வாயத் தொறட்டி. இன்னும் தொற." அவள் கை நடுங்கவில்லை. நாள் முழுக்கக் கம்பெனி லைனில் உட்கார்ந்து சின்னச் சின்னத் திருகாணி மாட்டுகிறவள். அவளுக்கு என் வாயும் இன்னொரு போன்.

திருகியதும் மூக்கின் வேர் வரைக்கும் ஏதோ அழுத்தியது. அழவில்லை. அவள் மடியில் படுத்துக்கொண்டு அழ மாட்டேன்.

4 ஜூலை

கடித்தேன். தெரிந்துதான் கடித்தேன். சாவியை வெளியே எடுக்கும்போது ஆள்காட்டி விரல் வசமாக இருந்தது. ரத்தம் வந்தது, உப்புக் கரித்தது.

"சவத்து மூதி!" - பளாரென்று கன்னத்தில் ஒன்று விட்டாள். இரும்பு நண்டு உள்ளே அதிர்ந்தது.

"ஒன் எச்சில்ல கை வைக்கணும்னு எனக்கென்ன வேண்டுதலாட்டி? தாட கோணிக்கிட்டுப் போகுதேன்னு பாக்கேன். நாளைக்கும் திருகுவேன். நீ கடிச்சா அடிப்பேன். ரெண்டுல எது வேணுமோ நீயே பாத்துக்க."

அப்பா வந்ததும் விரல் கட்டைப் பார்த்து என்ன என்று கேட்டார். "லைன்ல தகடு கிழிச்சிட்டு" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? எனக்காகவா? இல்லவே இல்லை. அடித்ததைச் சொல்ல வேண்டி வருமே, அதற்காக. நானும் கடித்ததைச் சொல்லவில்லை. இரண்டும் சரியாய்ப் போயிற்று.

10 ஜூலை

குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா என் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். "சித்தின்னா இப்டி இருக்கணும். பெத்தவ இருந்திருந்தாகூட இத்தினி செஞ்சிருப்பாளா?" என்றாள். தங்கமாரி குடத்தை வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். ஷிப்ட் முடிந்தும் ஓ.டி. பார்த்துத்தான் எனக்கு இதெல்லாம் செய்கிறாளாம். அந்தக் கதை தெரு முழுக்கப் போய்விட்டது.

பெத்தவ இருந்திருந்தா என் வாய என் வாயா வுட்டிருப்பா. அதச் சொல்லணும்னு இருந்திச்சி. எச்சில்தான் வந்திச்சி.

15 ஜூலை

முன்பல் விலகிவிட்டது. சந்து தினமும் பெரிதாகிறது. வகுப்பில் வேல்விழி என் வாய்க்கு நேராகக் குனிந்து பார்த்து, "இன்னாடி இது, நடுவுல லாரி போவும் போலகீது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் வாட்டர் பாட்டிலை ஜன்னல் வழியாக எறிந்தேன். முட்டி போட வைத்தார்கள்.

"இதுக்குத்தானா? சரி பண்றேன் சரி பண்றேன்னு இப்டியா பண்ணுவ?" என்று வீட்டுக்கு வந்ததும் தங்கமாரியிடம் கத்தினேன். "மொதல்ல வெலகும், பொறவு தானா சேரும்னு டாக்டரம்மா சொன்னாகள்ல? நீதான் காதுல வாங்கல" என்று சாவியை எடுத்து வந்தாள்.

அவள் வேலைக்குப் போன பிறகு கண்ணாடி எதிரே நின்று உதட்டைத் தூக்கிப் பார்த்தேன்.

அம்மா.

பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்த்தேன். அந்த அகலம், அந்த ஓரம், உதடு மேலே போய் நிற்கிற விதம். கொஞ்சமாகச் சிரித்தேன். அப்படியே அம்மா. சிரிக்கும்போது அம்மா கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். நானும் பொத்திப் பார்த்தேன்.

இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

22 ஜூலை

திருகியது போதும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கருவி மட்டும் சில மாதம் அப்படியே இருக்க வேண்டும். "இனி முன்பல் சந்து தானா மூடிக்கும், பயப்படாத" என்று என் முதுகைத் தட்டினார்.

பயப்படாதயாமே.

11 ஆகஸ்ட்

மூடுகிறது. தினமும் பார்க்கிறேன். நாக்கை வைத்துத் தள்ளினாலும் நிற்கவில்லை. காலையில் ஒருமாதிரி, சாயங்காலம் ஒருமாதிரி. அம்மா மூஞ்சி போய்க்கினே இருக்குது.

18 ஆகஸ்ட்

துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, கழுவி, சின்னதாக ஒடித்து முன்பல் நடுவில் சொருகினேன். இறுக்கமாக நிற்கிறது. வெளியே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் மட்டும் எடுத்துவிடலாம்.

2 செப்டம்பர்

ஒரு ஈர்க்கு பத்தவில்லை. இரண்டு வைத்தேன். ஈறு வலிக்கிறது. வலிக்கட்டும்.

9 செப்டம்பர்

இன்றே எழுதியே ஆக வேண்டும்.

மூன்று நாளாக மேலுதடு வீங்கியிருந்தது. காய்ச்சல் வேறு. கொசு கடித்தது என்று சொல்லி வைத்திருந்தேன். இன்று அவளுக்கு வார லீவு. என்னைப் பிடித்து உட்கார வைத்து உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். சீழ் கோத்திருந்தது. உள்ளே ஈர்க்குத் துண்டு ஒடிந்து மாட்டியிருந்தது.

"இது என்னது? ஏட்டி, என்னதுன்னு கேக்கேன்!"

நான் உதட்டை அவள் பிடியிலிருந்து இழுத்துக்கொண்டேன். அவளாகவே கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடிப் பக்கத்தில் நான் ஒட்டி வைத்திருந்த அம்மா போட்டோவைப் பார்த்தாள். புரிந்துகொண்டுவிட்டாள்.

"செத்துப்போனவ மூஞ்சிய ஒன் மூஞ்சில ஆணியடிச்சு வைக்கப் பாக்கியோ? இதுக்குச் சீழ் புடிச்சுச் சாவணுமா நீ? ஒங்கப்பனுக்கு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?"

"நீ இன்னாத்துக்கு வந்த எங்க வூட்டுக்கு? எங்கம்மா பல்ல வுட்டுடு! எங்கம்மாவ வுட்டுடு!" என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும்.

"ஒங்கம்மாவா இருக்கணும்னு நான் ஒண்ணும் வரல. அந்த எடம் எனக்கு வேண்டாம், நீயே வச்சுக்க. ஒரு புள்ள ஒரு பக்கமாவே மெல்லுது, வாய மூட முடியாமக் கஷ்டப்படுது, அதப் பாத்துட்டுச் சும்மா கெடக்கச் சொல்லுதியா? தெரு நாயா இருந்தாக்கூட நான் பாப்பேன்."

தெரு நாய். சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் அப்பா வந்தார். ஷேர் ஆட்டோ பிடித்து மூன்று பேரும் மறைமலை நகர் போனோம். டாக்டரம்மா துண்டை எடுத்தார், ஊசி போட்டார், கொஞ்சம் விட்டிருந்தால் எலும்பு வரைக்கும் போயிருக்கும் என்று திட்டினார். வரும் வழியில் அப்பா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"உங்கம்மாவுக்கே அந்தச் சந்து புடிக்காதும்மா. எப்பவும் கைய வெச்சி மூடிக்கினுதான் சிரிப்பா. அதுக்குப் போயி நீ..."

பொய். பொய்யாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் கையால் பொத்துவாளே. நானே பார்த்திருக்கிறேனே.

2 அக்டோபர்

பள்ளி விடுமுறை. யாரிடமும் சொல்லாமல் சிங்கப்பெருமாள் கோவில் போனேன். பெரியம்மா ஸ்டேஷனுக்கு வெளியே இட்லிக் கடை போட்டிருக்கிறாள். அம்மாவின் அக்கா. அம்மா சந்து பிடிக்காமல்தான் வாயைப் பொத்துவாளா என்று கேட்டேன்.

பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாரு சொன்னது? உங்கப்பனா? அவ சிரிச்சா ரயில் சத்தமே கேக்காது. கல்யாணத்துக்கு முன்ன ஒருநாளும் மூடினதில்ல. கல்யாணம் ஆன புதுசுல ஆடிக் கூழுக்கு உங்கப்பன் கூட்டாளிங்க வந்திருந்தானுங்க. யாரோ இன்னாவோ சொல்ல, இவ கெக்கேன்னு சிரிச்சா. அத்தினி பேரு எதிர்ல உங்கப்பன், 'வாய மூடுடி, பாக்கவே அசிங்கமா கீது'ன்னான். அன்னிக்கிப் போன கைதான். சாவுற வரிக்கும் எறங்கல."

இட்லி சாப்பிடச் சொன்னாள். தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வரும்போது ஷேர் ஆட்டோவில் சீருடை போட்ட அக்காக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஒருத்தியும் வாயைப் பொத்தவில்லை. நான் அவர்கள் வாய்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அம்மா அப்படித்தான் சிரிப்பாள், அது அவளுக்கு அழகு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனே. கண்ணாடி எதிரே நின்று நானும் அப்படிப் பொத்திப் பார்த்தேனே. சீ.

3 அக்டோபர்

சாப்பிடும்போது கேட்டேன். "எங்கம்மாவ எல்லார் எதிர்லயும் வாய மூடச் சொன்னியா நீ?"

அப்பா தட்டைப் பார்த்தார். "அது... வெளாட்டுக்குச் சொன்னதும்மா. எப்பவோ..."

"வெளாட்டா? அம்மா ஏன் அதுக்கப்புறம் கைய எடுத்துட்டு சிரிக்கவே இல்ல?"

சோறு பரிமாறிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்படியா சொன்னீய?" என்றாள்.

அவ்வளவுதான். சோற்றுப் பானையை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா ரசத்துக்கு ரொம்ப நேரம் காத்துக்கொண்டிருந்தார். நானும் எழுந்து ஊற்றவில்லை.

20 அக்டோபர்

சந்து பழைய அளவுக்கு வந்துவிட்டது. நூல் அளவு. நான் அதைத் தொடவில்லை. அப்பாவோடு பேசுவதில்லை. அவளோடும் பேசுவதில்லை. வீட்டில் டிவிதான் பேசுகிறது.

18 ஜனவரி 2014

நண்டைக் கழற்றினார்கள். அண்ணம் வழவழவென்று இருக்கிறது. நாக்கு நிற்க இடம் தெரியாமல் அலைகிறது. இரண்டு பக்கமும் மெல்ல முடிகிறது. முறுக்கு சாப்பிட்டேன், இரண்டு பக்கமும். எனக்கே தெரியாமல் வலது பக்கம் மென்றுகொண்டிருந்தேன்.

அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று சொல்வாள் என்று எதிர்பார்த்து, பதிலுக்குச் சொல்ல நல்லதாக ஒன்று யோசித்து வைத்திருந்தேன். வீணாகிவிட்டது.

6 மார்ச்

கம்பி போட்டாகிவிட்டது. ஒவ்வொரு பல்லிலும் ஒரு பொட்டு, குறுக்கே ஒரு கம்பி. வேல்விழி "கம்பெனி கேட்" என்று பெயர் வைத்திருக்கிறாள். இந்தத் தடவை பாட்டிலை எறியவில்லை. கம்பியைக் காட்டிச் சிரித்துக்கொண்டே அவள் முகத்துக்கு நேராகப் போனேன். பின்வாங்கிவிட்டாள்.

29 ஜூலை

கம்பி முனை கன்னத்தைக் கிழிக்கிறது. டாக்டர் கொடுத்த மெழுகு தீர்ந்துவிட்டது. ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் பஸ்ஸை விட்டுவிட்டு மறைமலை நகர் போய் வாங்கி வந்தாள். லேட் போட்டுவிட்டார்களாம். அதற்கு என்னைத்தான் திட்டினாள்: "முந்துன நாளே சொல்லித் தொலைக்க என்ன? வாயில கம்பிதான கெடக்கு, பூட்டா கெடக்கு?"

மெழுகை நானே வைத்துக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

3 டிசம்பர்

சித்தி கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள் என்று பேச்சு. தினமும் உர்ரென்று வருகிறாள். இன்று பாத்திரத்தைப் போட்டு உடைத்தாள். நான் டீ போட்டு வைத்தேன். "சீனி பத்தல" என்றாள். அதையும் குடித்துவிட்டாள்.

(மேலே முதல் சொல்லாக என்ன எழுதியிருக்கிறேன் என்று இப்போதுதான் பார்த்தேன். அடிக்கலாம் என்று பேனாவை வைத்தேன். இருக்கட்டும்.)

21 பிப்ரவரி 2015

இன்று மூன்று பேரும் டாக்டரிடம் போனோம். வரிசை வந்துவிட்டது, கடிப்பும் சரியாகிவிட்டது. "கடைசியா முன்பல் சந்தை இழுத்து மூடிடுறேன். ரப்பர் செயின் போட்டா சீக்கிரம் சேர்ந்துடும்" என்றார் டாக்டரம்மா.

"மூடிடுங்க டாக்டர். பொண்ணு பாக்க லட்சணமா இருக்கும்" என்றார் அப்பா.

எனக்குக் காது சூடாகிவிட்டது. வாயில் பஞ்சு. பேச முடியாது. அப்போது சித்தி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"மூடாட்டா ஏதும் கெடுதலா டாக்டர்?"

"கெடுதல் ஒண்ணும் இல்ல. சின்னச் சந்துதான். அப்படியே வெச்சு, பின்பக்கம் கம்பி ஒட்டி நிறுத்திடலாம். ஆனா எல்லாரும் மூடத்தானே சொல்லுவாங்க."

"அப்பம் அவளக் கேளுங்க. ஒங்க வாயும் இல்ல, இவுக வாயும் இல்ல."

அப்பா, "தங்கமாரி, நீ சும்மா இரு" என்றார்.

"இருக்க முடியாது. நீங்க சொல்லி ஒருத்தி மூடுனது போதும்."

நர்ஸ் தட்டைப் பிடித்தபடி நின்றாள். நான் பஞ்சைத் துப்பினேன். "வேணாம் டாக்டர். அப்டியே வுட்டுடுங்க" என்றேன். 'ழ' இல்லாத வாக்கியம்தான். இருந்திருந்தாலும் சரியாகச் சொல்லியிருப்பேன்.

அப்பா முன்னால் நடந்து போய் பஸ் ஸ்டாப்பில் தனியாக நின்றார். நாங்கள் போய்ப் பக்கத்தில் நின்றதும் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றார்.

வீட்டில் சித்தி என்னிடம் சொன்னாள்: "ஒங்கம்மாவுக்காவன்னு நெனைச்சுக்கிடாத. ஒனக்காவவும் இல்ல. எனக்கு அந்த மனுஷன் சொன்னது புடிக்கல. அம்புட்டுத்தான்."

"நான் ஒண்ணும் நெனைக்கல" என்றேன்.

14 மார்ச்

அப்பா என்னிடம் வந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "அன்னிக்கி உங்கம்மாகிட்ட நான்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே கண்டுபிடிக்கட்டும்.

22 ஆகஸ்ட்

கம்பி எடுத்தாச்சு. பல்லை நாக்கால் தடவிக்கொண்டே இருக்கிறேன். யாருடைய பல்லோ போல இருக்கிறது. கண்ணாடியில் அம்மா இல்லை. தாடை வேறு, உதடு நிற்கிற விதம் வேறு. நடுவில் சந்து மட்டும் அதே நூல் அளவு. அம்மா அகலம் இல்லை, என் அகலம்.

கொஞ்சம் அழுதேன். வேறு ஒன்றும் இல்லை.

17 அக்டோபர்

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு போட்டோ கேட்டார்கள். சித்திக்கு இப்போது வல்லத்தில் வேறு கம்பெனி. காலை ஷிப்ட் முடித்து அப்படியே சீருடையோடு ஒரகடம் ஸ்டுடியோவுக்கு வந்தாள். நான் தனியாகப் போகிறேன் என்றுதான் சொன்னேன். கேட்கவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். கேமராக்காரர் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார். "பல்லு தெரியுதும்மா. நடுவுல கேப் வேற. லேசா வாய மூடிக்க."

நான் பேசுவதற்குள் கதவுப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"அவ பல்லு ஒம்மள என்ன செய்யுது? எடும்யா."

அவர் எடுத்துவிட்டார்.

போட்டோ பிரிண்ட் ஆகும் வரை வெளியே நின்றோம். கம்பெனி லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, தூசு. "இப்டியா மூஞ்சிய வச்சுக்கிடுவா? சண்டைக்குப் போறவ மாதிரி இருக்கு போட்டோ" என்றாள்.

"நீங்க கத்தினதுலதான் அப்டி ஆயிடுச்சி சித்தி" என்றேன்.

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டு, வண்டி ஏதும் வருகிறதா என்று கேட்டாள்.